ஓய்வு வயதும் ஓயாத கால்களும்



நம் இல்லங்களில் ஒருவர் ஐம்பது வயதைக் கடந்துவிட்டால், அவரை நோக்கி அன்போடு சொல்லப்படும் சொல் ஒன்று உண்டு. "நீங்கள் சும்மா உட்காருங்கள்" என்பதே அச்சொல். மகன் சொல்வார், மருமகள் சொல்வார், பேரப்பிள்ளையும் சொல்லும். சொல்பவர் நெஞ்சில் கரிசனம் தவிர வேறொன்றும் இல்லை. ஆயினும், அந்தக் கரிசனத்தை நம்பி உட்கார்ந்த எத்தனையோ பெரியவர்கள், பிறகு எழுந்து நிற்கவே பிறர் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இதைப் பற்றி உங்களோடு சிறிது மனம் விட்டுப் பேச விரும்புகிறேன்.

இதற்கு எடுத்துக்காட்டுகளை விளையாட்டு மைதானத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனுக்கு மைதானத்தில் என்ன வேலை என்று எண்ணிவிடாதீர்கள். முதுமையின் முதல் அடி விழுவது விளையாட்டு வீரர் மீதுதான். வழக்கறிஞருக்கும் வணிகருக்கும் அறுபதில் தெரிய வருவது, வீரர்களுக்கு முப்பதிலேயே தெரிந்துவிடுகிறது. முப்பத்தைந்தில் "இவருக்கு வயதாகிவிட்டது" என்று உலகம் சொல்லத் தொடங்கிவிடும். அப்படிச் சொல்லப்பட்ட பின்னரும் களத்தில் நின்று வென்று காட்டியவர்கள், வயதை எப்படி எதிர்கொண்டார்கள் என்று அறிந்தால், அந்தப் பாடம் நம் வீட்டுக் கூடத்திற்கும் பயன்படும்.

நாற்பதில் ஒரு தங்கம்

சென்னையில் வளர்ந்த மேசைப்பந்து வீரர் சரத் கமலை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1982ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் பிறந்தவர். தந்தையும் தந்தையின் சகோதரருமே அவருக்குப் பயிற்சியாளர்கள். 2006ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் நடைபெற்ற காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் பிரிவுத் தங்கத்தை வென்றபோது அவருக்கு வயது 23. அடுத்து வந்த மூன்று காமன்வெல்த் போட்டிகளில் ஒற்றையர் தங்கம் அவர் கைக்கு எட்டவில்லை. முப்பது கடந்தது, முப்பத்தைந்தும் கடந்தது. மேசைப்பந்து போன்ற மின்னல் வேக ஆட்டத்தில் இனி அந்தத் தங்கம் கிடைக்காது என்றே யாரும் நினைத்திருப்பார்கள்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் பர்மிங்காம் நகரில் அவர் மீண்டும் ஒற்றையர் இறுதிப் போட்டியில் நின்றார். எதிரில் நின்றவர் இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்டு. ஆட்டம் நடந்ததோ அவருடைய சொந்த நாட்டில். முதல் ஆட்டத்தை 11-13 என்று இழந்த சரத் கமல், அடுத்த நான்கையும் தொடர்ந்து வென்றார். அப்போது அவருக்கு 40 வயது. ஒரு தங்கத்திற்கும் அடுத்த தங்கத்திற்கும் இடையே பதினாறு ஆண்டுகள்! அதே போட்டியில் ஆடவர் குழுப் பிரிவிலும், ஸ்ரீஜா அகுலாவுடன் இணைந்து ஆடிய கலப்பு இரட்டையரிலும் தங்கம் வென்றார். சத்தியனுடன் ஆடிய இரட்டையரில் வெள்ளி கிடைத்தது. இருபத்து மூன்று வயது இளைஞனாக அவர் பெற்றது இரண்டு பதக்கங்கள், நாற்பது வயதில் பெற்றது நான்கு.

அதற்கு முந்தைய ஆண்டு, டோக்கியோ ஒலிம்பிக்கில், சீனத்தின் மா லாங்கை அவர் சந்தித்தார். அந்த ஒலிம்பிக்கின் தங்கத்தை வென்றவர் மா லாங். சரத் கமல் தோற்றார் என்பது உண்மை. ஆயினும், உலகின் தலைசிறந்த அந்த வீரரிடமிருந்து ஓர் ஆட்டத்தை 39 வயதில் பறித்தார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில், பி. வி. சிந்துவுடன் இந்திய தேசியக் கொடியைத் தாங்கிச் சென்றார். அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்.

இது எப்படிக் கைகூடியது? அவர் விளையாட்டைக் கற்றுக்கொண்ட நாளில் ஓர் ஆட்டம் 21 புள்ளிகளைக் கொண்டது. 2001இல் அது 11 ஆகக் குறைக்கப்பட்டது. 38 மில்லிமீட்டராக இருந்த பந்து 2000இல் 40 மில்லிமீட்டர் ஆயிற்று. மட்டையின் ரப்பரை ஒட்டி வேகத்தைக் கூட்டப் பயன்பட்ட பசை 2008இல் தடை செய்யப்பட்டது. செல்லுலாய்டுப் பந்து போய் 2014இல் பிளாஸ்டிக் பந்து வந்தது. பந்து மாறினால் சுழற்சி மாறும், சுழற்சி மாறினால் கையின் பழக்கமும் மாற வேண்டும். நன்றாகத் தெரிந்த வித்தையை நடு வயதில் மீண்டும் முதலிலிருந்து பழகுவதற்கு எத்தகைய பணிவு வேண்டும்! "எங்கள் காலத்துப் பந்தே பந்து" என்று பெருமூச்சு விட்டவர்கள் பார்வையாளர் வரிசைக்குப் போய்விடுவார்கள். புதிய பந்தைக் கையிலெடுத்து மாணவனைப் போலப் பழகியவரே களத்தில் நிலைத்தார்.

எது குறைகிறது, எது நிலைக்கிறது?

வயது ஏற ஏற உடம்பில் நிகழ்வது என்ன என்பதை மருத்துவ நூலோர் தெளிவாக விளக்கியுள்ளனர். இதயம் உச்ச வேகத்தில் துடிக்கக்கூடிய அளவு, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு துடிப்பு வீதம் குறைந்துகொண்டே வருகிறது. தசை நார்களுள் திடீரெனப் பாய்வதற்கு உதவும் வேக நார்கள் முதலில் தேய்கின்றன. நெடுநேரம் உழைக்கும் நார்கள் அவற்றைவிட நீண்ட காலம் தாங்குகின்றன. உழைத்த உடல் மீண்டும் தேறுவதற்கு ஆகும் நேரம் கூடுகிறது. இருபதில் ஓரிரவு உறக்கத்தில் தீர்ந்த வலி, நாற்பதில் மூன்று நாள் தங்குகிறது.

ஆனால் எல்லாமே ஒரே வேகத்தில் குறைவதில்லை. எதிரியின் தோள் அசைவதைக் கண்டே பந்து எங்கே விழும் என்று அறியும் ஆற்றல் பழகப் பழகக் கூடுவது. எந்த அடிக்கு ஓட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்ற தெளிவும் அப்படியே. கால்கள் இழந்த ஓர் அடித் தொலைவைக் கண்களும் அறிவும் ஈடு செய்கின்றன. நீண்ட காலம் நிலைத்த வீரர்கள் எல்லோரிடமும் இந்தக் கணக்கைக் காணலாம். தேய்ந்ததை எண்ணி வருந்திக்கொண்டிராமல், எஞ்சியதைக் கூர்மைப்படுத்தியிருக்கிறார்கள்.

குடகு மண்ணின் மைந்தர் ரோஹன் போபண்ணாவைப் பாருங்கள். 1980ஆம் ஆண்டு பிறந்த டென்னிஸ் வீரர். முழங்கால் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, வலியோடு ஆடியவர். 2021இல் தொடர்ந்து தோல்விகளைச் சந்தித்தபோது, இத்துடன் விட்டுவிடலாமா என்று எண்ணியதாக அவரே கூறியிருக்கிறார். 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ எப்டனுடன் சேர்ந்து ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 43. உடனே இரட்டையர் தரவரிசையில் வாழ்வில் முதல் முறையாக உலகின் முதலிடத்தை அடைந்தார். அந்த இடத்திற்கு முதன்முதலாக வந்தவர்களுள் அவரே வயதில் மூத்தவர்.

அவர் ஆடியது இரட்டையர் ஆட்டம் என்பதைக் கவனியுங்கள். ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் 8.23 மீட்டர் அகலக் களத்தைத் தனியே காக்க வேண்டும். இரட்டையரில் களம் 10.97 மீட்டராக விரிந்தாலும், காப்பவர் இருவர். ஆளுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். ஓட வேண்டிய தொலைவு குறைகிறது, கணிப்பும் கைத்திறனும் முதன்மை பெறுகின்றன. தம்மால் காக்க முடிந்த பரப்பை அறிந்து அதை நன்றாகக் காத்தவர் அவர். மூட்டு வலிக்கு ஐயங்கார் முறை யோகாசனப் பயிற்சியைத் துணையாகக் கொண்டார். 2025 நவம்பரில்தான் ஆட்டத்திலிருந்து விடை பெற்றார்.

கிரிக்கெட்டை விரும்பும் நம் இளைஞர்களுக்கு இம்ரான் தாஹிரை நினைவூட்டத் தேவையில்லை. லாகூரில் பிறந்து, தென்னாப்பிரிக்காவிற்காக ஆடியவர். பன்னாட்டு ஆட்டத்தில் அவருக்கு முதல் வாய்ப்புக் கிடைத்ததே 2011இல், 31 வயதில். பலர் விடைபெறும் வயதில் அவர் தொடங்கினார். 2019இல் சென்னை அணிக்காக 26 விக்கெட்டுகள் வீழ்த்தி, அந்த ஆண்டின் ஐ.பி.எல். பந்துவீச்சாளர்களுள் முதலிடம் பெற்றபோது அவருக்கு 40 வயது நிறைந்திருந்தது. வேகப்பந்து வீச்சாளரின் தோளும் முதுகும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். சுழற்பந்து வீச்சாளருக்கோ மணிக்கட்டும் மதியும் ஆயுதம். அவை மெல்லத்தான் தேய்கின்றன.

ஹாபிழ்களிடம் கண்ட உண்மை

இதே உண்மையை நம் மதரஸாக்களில் வேறொரு வடிவில் அன்றாடம் காண்கிறோம். திருக்குர்ஆனை முழுமையாக மனனம் செய்த ஹாபிழ் ஒருவர், எழுபது வயதிலும் ரமளானில் தராவீஹ் தொழுகைக்கு நின்று முப்பது ஜுஸ்வுகளையும் பிழையின்றி ஓதி முடிக்கிறார். இருபது வயது ஹாபிழ் ஒருவர் இரண்டாவது ரக்அத்திலேயே தடுமாறுகிறார். வயதைக் கொண்டு இதை விளக்க முடியுமா? பெரியவர் ஐம்பது ஆண்டுகளாக நாள்தோறும் ஒரு ஜுஸ்வு ஓதி வருகிறார். இளைஞரோ சனது பெற்ற பிறகு ஓதுவதைக் குறைத்துவிட்டார். மனனம் செய்வது ஒரு முறை, காப்பாற்றுவதோ ஒவ்வொரு நாளும் என்று எங்கள் உஸ்தாதுமார்கள் சொல்வது வழக்கம்.

தசைக்கும் இதே நியாயந்தான். 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆய்வொன்று நடைபெற்றது. தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேர், மருத்துவர் மேற்பார்வையில், எட்டு வாரங்கள் கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். முடிவில் அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்திருந்தது. அதாவது, முன்பிருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்! தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் விடை சொல்கிறது என்பதை மருத்துவ உலகம் அன்று வியப்போடு அறிந்துகொண்டது.

குண்டின் எடை குறையும், களம் மூடாது

மூத்தோருக்கென்றே நடத்தப்படும் தடகளப் போட்டிகளைப் பற்றியும் நீங்கள் அறிய வேண்டும். உலக அளவிலான முதல் போட்டி 1975இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்தது. 2025 நவம்பரில் ஆசிய மூத்தோர் போட்டி நம் சென்னையிலேயே நடைபெற்றது. 35 வயது முதல் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பிரிவு வகுத்திருக்கிறார்கள். எழுபது வயதுக்காரர் எழுபது வயதுக்காரரோடு போட்டியிடுவார்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. ஆடவர் எறியும் இரும்புக் குண்டின் எடை 7.26 கிலோ. ஐம்பது வயதில் அது 6 கிலோவாகிறது, அறுபதில் 5, எழுபதில் 4, எண்பதில் 3. குண்டு சிறுக்கிறதே அன்றிப் போட்டி நிற்பதில்லை.

இதைப் படித்தபோது நம் மார்க்கச் சட்டத்தின் சலுகையே என் நினைவில் எழுந்தது. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்து தொழட்டும், அதற்கும் இயலாதவர் படுத்துத் தொழட்டும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி. முதுமையை முன்னிட்டுத் தொழுகையே வேண்டாம் என்று சொல்லப்படவில்லை. உடம்புக்கேற்ப முறை இலேசாக்கப்பட்டது, நிலை மாற்றப்பட்டது, ஆனால் ஸஃப்பில் அவருக்குரிய இடம் பறிக்கப்படவில்லை. முதியவர்களை நடத்துவதற்கு இதைவிடச் சிறந்த நெறி வேறென்ன இருக்கிறது? இலேசாக்குங்கள், நீக்கிவிடாதீர்கள்.

ஈழத்து முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்னும் தமிழ்ப் பெண்மணி இதற்கு வாழும் சான்று. போரும் இடப்பெயர்வும் கண்ட மண் அது. எழுபது வயதைத் தாண்டிய அவர், 2023இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் ஓட்டத்திலும் 5,000 மீட்டர் விரைவு நடையிலும் தங்கம் வென்றார். 800 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும் பெற்றார். நம் ஊர்களில் அந்த வயதுப் பெண்மணி தெருமுனைக் கடைக்குத் தனியே போனாலே, "யாரைக் கேட்டுப் போனீர்கள்?" என்று வீடு அதட்டும்.

பஞ்சாபில் 1911இல் பிறந்ததாகக் கூறப்படும் ஃபவ்ஜா சிங்கின் வரலாறு இன்னும் நெகிழ வைப்பது. மகன் ஒருவரை விபத்தில் இழந்த துயரத்திற்குப் பின்னரே அவர் ஓட்டத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டார். 2000ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானில் முதன்முதலாக ஓடியபோது அவருக்கு 89 வயது. மாரத்தான் என்பது 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. 2011இல், நூறு வயதில், டொராண்டோ மாரத்தானை எட்டு மணி பதினொரு நிமிடங்களில் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் நூலில் அது இடம்பெறவில்லை. 2013இல் ஹாங்காங்கில் பத்துக் கிலோமீட்டர் ஓடிவிட்டுப் போட்டிகளிலிருந்து விலகினார். ஆனால் நடப்பதை விடவில்லை. 2025 ஜூலையில், தம் சொந்த ஊரருகே சாலையில் வாகனம் மோதி உயிர் நீத்தார். ஓட்டத்தின் தொலைவைக் குறைத்து, பிறகு ஓட்டத்தை நடையாக்கி, இறுதி வரை தம் கால்களால் இயங்கிய மனிதர் அவர்.

எங்கள் மலையில்

இனி எங்கள் ஊருக்கு வாருங்கள். பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலை என்று வழங்கும் பகுதியைச் சேர்ந்த ஊர் போளூர். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் படிப்படியான நிலங்களில் விளைகின்றன. சமதளம் இங்கே அரிது. வீட்டிலிருந்து நிலத்திற்குப் போவதென்றாலும் ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். எழுபதைக் கடந்தவர்கள் களைக்கொத்தோடு மேட்டில் ஏறிச் செல்வது இங்கே அன்றாடக் காட்சி. பூண்டு வெட்டும் நாள்களில் அவர்கள் மூட்டை தூக்குவதில்லை. நிழலில் உட்கார்ந்து தாளை அறுத்துத் தரம் பிரிப்பார்கள். விதைப் பூண்டு எது என்று தேர்வது அவர்கள் பொறுப்பு. அந்தக் கண் இளைஞர்களுக்கு வாய்க்கவில்லை.

இதைச் சொல்லும்போது ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. மலையில் முதுமையிலும் உழைப்போர் பலர் விரும்பி உழைப்பதில்லை, உழைக்காவிட்டால் அடுப்பெரியாது என்பதால் உழைக்கிறார்கள். வறுமை ஒருவரை எழுபதில் சுமை தூக்க வைத்தால், அதைச் சாதனை என்று புகழ்வது நெஞ்சில் ஈரமற்ற செயல். நான் பேசுவது வேறு. உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லாத வீட்டில், உடம்பு இயங்க விரும்பியும், "உங்களுக்கு எதற்கு இந்த வேலை?" என்று அடக்கி வைக்கப்படுகிறார்களே, அவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

எனக்கு அறிமுகமான குடும்பத்தில் ஒரு நன்னி இருக்கிறார். கணவர் மவுத்தான பின், சமவெளி நகரத்தில் தொழில் செய்யும் மகன் தம்மோடு அழைத்துச் சென்றார். தாயைக் கண்ணினும் மேலாகப் பேணும் பிள்ளை. குடிக்கும் தண்ணீரும் நாற்காலிக்கே வந்தது. மாடிப்படி ஆபத்து என்று ஓர் அறைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஓராண்டு சென்று, உறவினர் நிக்காஹ் ஒன்றிற்காக மலைக்கு வந்தபோது, வண்டியிலிருந்து இறங்க இருவர் தாங்க வேண்டியிருந்தது. விழவில்லை, நோய் இல்லை, ஆனால் கால்கள் தம் வேலையை மறந்திருந்தன. "அஜரத், நான் நின்று தொழுது எத்தனையோ மாசமாச்சு" என்று அவர் என்னிடம் சொன்னபோது, அவர் குரலில் இருந்த ஏக்கம் என்னை வாட்டியது.

நிக்காஹ் முடிந்தும் அவர் திரும்பிப் போகவில்லை. மகளின் வீட்டில் தங்கினார். முதலில் வாசல் வரை, பிறகு குழாயடி வரை, பிறகு பக்கத்து வீட்டுத் திண்ணை வரை என்று மகள் கைபிடித்து நடத்தினார். சுவரைப் பிடித்தபடி நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரும்படி ஒரு மருத்துவர் கற்றுக்கொடுத்தார். ஐந்தாறு மாதங்களில் அவர் சுப்ஹுத் தொழுகையை நின்று தொழுதார். அந்தச் செய்தியை மகள் சொன்னபோது, எந்தப் பதக்கத்திற்கும் குறையாத வெற்றி என்று எனக்குத் தோன்றியது. தாயை வைத்துப் பார்த்த மகனும் மகிழ்ந்தார். இப்போது அவர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, "இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தீர்கள் அம்மா?" என்பதுதான்.

என்னைப் பற்றியும் ஒரு சொல். எனக்கு வயது 47. அஸருக்குப் பின் ஓதும் பிள்ளைகளின் அண்ணன்மார் கைப்பந்து ஆடுவார்கள். நாற்பதைத் தாண்டியதுமே, "அஜரத், நீங்க அம்பயரா நில்லுங்க" என்று மரியாதையோடு என் கையில் ஊதலைக் கொடுத்துவிட்டார்கள். சில நாள் ஊதிப் பார்த்தேன். பிறகு ஊதலைத் திருப்பிக் கொடுத்து, வலையருகே துள்ளி அடிக்கும் இடத்தை அவர்களுக்கே விட்டுவிட்டு, பின்வரிசையில் ஓரிடம் கேட்டுப் பெற்றேன். வரும் பந்தைத் தாங்கி உயர்த்திக் கொடுப்பது இப்போது என் பணி. குதிக்க வேண்டியதில்லை, பார்த்து நின்றால் போதும்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு சொல்

ஆடவருக்காவது பள்ளிவாசலுக்குப் போய்வரும் நடை இருக்கிறது. நம் பெண்களின் நிலை என்ன? பிள்ளைகள் வளர்ந்து, சமையலை மருமகள் ஏற்றதும், நாற்பத்தைந்து ஐம்பது வயதிலேயே அவர்களுடைய நடமாட்டம் கூடத்திற்கும் அடுக்களைக்கும் இடையே சுருங்கிவிடுகிறது. பிறகு முழங்கால் வலி, சர்க்கரை, மூச்சிரைப்பு என்று ஒவ்வொன்றாக வருகின்றன. "பெண்பிள்ளைக்கு இந்த வயதில் நடை என்ன, பயிற்சி என்ன?" என்று கேட்போரும் உண்டு.

அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். அண்ணல் நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் பயணமொன்றில் ஓட்டப் பந்தயம் வைத்துக்கொண்டதை அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். முதல் முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு காலத்தில், அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்தபோது, மீண்டும் ஓடினார்கள். அம்முறை முந்தியவர்கள் நபியவர்கள். அன்றைய தோல்விக்கு இது சரியாகிவிட்டது என்று விளையாட்டாகச் சொல்லவும் செய்தார்கள். அப்போது நபியவர்களின் வயது ஐம்பதுக்கு மேல். ஒரு சமுதாயத்தின் தலைவர், ஐம்பது கடந்தவர், மனைவியோடு ஓடினார்கள் என்றால், மாலையில் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ கணவனும் மனைவியும் சேர்ந்து அரை மணி நேரம் நடப்பதில் நமக்கு என்ன கூச்சம்?

இடம் விடுதலும் ஒரு கடமை

இங்கே ஒரு கேள்வி எழலாம். மூத்தவர்கள் அகலாமல் நின்றால் இளையவர்கள் எப்போது வளர்வார்கள்? நியாயமான கேள்விதான். சரத் கமல் 2025 மார்ச் மாதம், தாம் வளர்ந்த சென்னை நகரிலேயே, தம் கடைசிப் போட்டியில் ஆடினார். அவரை அங்கே வீழ்த்தியவர் நம் நாட்டு இளைஞரான சினேஹித் சுரவஜ்ஜுலா. இளையவருக்கு இடம் ஒழித்துத் தருவது ஒரு முறை, நேர்நின்று ஆடி, வென்று எடுத்துக்கொள்ளச் செய்வது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் இளையவருக்குக் கிடைக்கும் நம்பிக்கை பெரிது. கடையின் பொறுப்பை மகனிடம் தரும் தந்தைக்கும், அடுக்களையை மருமகளிடம் தரும் மாமியாருக்கும் இது பொருந்தும். சாவியைக் கொடுங்கள், ஆனால் கடைப்படியை மறந்துவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள், கேட்டால் சொல்லுங்கள்.

எச்சரிக்கையும் தேவை. பல ஆண்டுகள் இயங்காதிருந்த உடம்பை ஒரே நாளில் ஓட வைப்பது பேராபத்து. நெஞ்சு வலி, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். தொண்ணூறு வயதினர் எடை தூக்கியது மருத்துவர் கண்முன் என்பதை மறவாதீர்கள். சிறிதாகத் தொடங்குங்கள், ஆனால் நாள்தோறும் செய்யுங்கள். சிறிதாயினும் விடாது செய்யப்படும் அமலே இறைவனுக்கு மிகவும் உவப்பானது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். அந்தக் கல்வியை உடம்பைப் பேணுவதிலும் கடைப்பிடிப்போம். உடம்பும் அவன் தந்த அமானிதம் அல்லவா?

ஆகவே, அருமைச் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பெரியவர் கையிலிருந்து ஒரு வேலையை வாங்கிக்கொள்ளும் முன், அதை முழுமையாக வாங்க வேண்டுமா, பாதியாகக் குறைத்தால் போதுமா என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். குடம் கனமென்றால் செம்பைக் கொடுங்கள். கடைத்தெரு தொலைவென்றால் அடுத்த தெரு வரை துணைக்குப் போங்கள். பெரியவர்களே, நீங்களும் பிள்ளைகள் சொல்லைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களால் தாங்க முடிந்த எடையை நீங்களே தேர்ந்து சொல்லுங்கள். இறுதி நாள் வரை தன் கால்களால் நடந்து அவனைத் தொழும் பேற்றை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.